லயனறையும் தெரிவுச் சுதந்திரமும்

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, மாற்றுச் சிறுநீரகமும் கிட்டாத ஒருவர் உயிர்வாழ்வதற்கு இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று இயந்திரத்தின் வழியாகக் குருதியைச் சுத்திகரித்தல். வழமையாக வாரத்திற்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் வைத்தியசாலையிற் படுத்திருத்தல் வேண்டும். மற்றது வயிற்றறைவழிச் சுத்திகரிப்பு. வயிற்றிற் பொருத்திய மென்குழாயினூடாக, தடவைக்கு இரண்டு இலீற்றர் அளவில், பொதுவாக நாளுக்கு நான்கு தடவை திரவத்தை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். கை சுத்தமாக இல்லையெனின் வயிற்றறையிற் கிருமி தொற்றும். இவற்றுள் எது சிறந்தது என்பதற்கு மருத்துவம் எல்லோர்க்கும் பொருந்தும் ஒரே விடையைக் கூறுவதில்லை. ஆகவே நோயாளியின் விருப்பமே தீர்மானிக்கட்டும் என்கிறது இன்றைய மருத்துவ அறவியல். கொள்கை நல்லதே. ஆயின் அவ்விருப்பம் எங்கிருந்து பிறக்கின்றது?

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். அண்மையிலுள்ள வைத்தியசாலையில் இயந்திரத்திற்கு இடம் இல்லையெனின் அவர் கண்டிக்குச் செல்ல வேண்டும். நுவரெலியா நகரிலிருந்தே அது ஏறத்தாழ 75 கிலோமீற்றர். லயனிலிருந்து வீதிவரை நடை, பின்னர் பஸ், சிகிச்சை முடிந்து தளர்ந்த உடலோடு மீண்டும் அதே ஏற்றம். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. துணைக்குச் செல்பவருக்கும் அவ்வாறே. அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். சிகிச்சைக்குச் சென்றுவருதல் இலவசமன்று.

மற்ற வழியை நோக்குவோமாயின், அது அவரது வீட்டு வாசலிலேயே தடைப்படுகின்றது. குடியேற்றவாதக் காலத்து லயனறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. விறகடுப்பின் புகை, பலருக்கும் பொதுவான தண்ணீர்க்குழாய், ஒரே அறையில் உறங்கும் குடும்பம். இவற்றிடையே நாளுக்கு நான்கு தடவை கைகழுவிக் கதவடைத்துத் திரவம் மாற்ற வேண்டும். மாதமொன்றுக்கு அத்தகைய பைகள் 120 தேவை. நிறை ஏறத்தாழ 240 கிலோ. லொறி வீதிவரை வரும். அதற்கப்பால், பகல் முழுதும் கொழுந்து சுமந்த முதுகுகளே அவற்றையும் சுமக்க வேண்டும். பகலில் உதவிக்கு வீட்டில் ஒருவர் நிற்க வேண்டுமெனின் அது பெரும்பாலும் மூத்த மகளாகவே இருக்கும். அவளது பள்ளிப்படிப்பு எவருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

வைத்தியர் இரு வழிகளையும் விளக்குகின்றார். பல வேளைகளில் விளக்கம் சிங்களத்தில் தொடங்கி, தாதியின் வாய்வழியோ உடன்வந்த மகனின் வாய்வழியோ பாதியாகத் தமிழில் வந்துசேர்கின்றது. "நீங்க சொல்றபடியே செய்யுறோம் ஐயா" என்கிறார் அப்பெண். சம்மதம் பெறப்பட்டதெனப் பதிவாகின்றது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே 1960இல் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற வைத்தியர் அமைத்த குழாயிணைப்பு நீண்டகாலச் சுத்திகரிப்பைச் சாத்தியமாக்கியது. இயந்திரங்களோ மிகச் சில. எவரை ஏற்பது என முடிவுசெய்ய எழுவர் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. அவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. மணமானவரா, வருமானம் யாது, தேவாலயம் செல்பவரா என்றெல்லாம் அவர்கள் கருதினர். 1962இல் லைஃப் சஞ்சிகை இதனை வெளிக்கொணர்ந்தபோது கடுங்கண்டனம் எழுந்தது. 1972இல் அந்நாட்டுச் சட்டம் சிகிச்சைச் செலவைப் பெரும்பாலானோர்க்கு அரசின் பொறுப்பாக்கியது. எழுவரின் அளவுகோல் இழிவானதுதான். ஆயினும் முடிவு மனிதருடையது என்பது வெளிப்படையாக இருந்தது. ஆதலாற் கண்டிக்கவும் மாற்றவும் இயன்றது. மலையகத்தில் அத்தகைய குழு எதுவும் கூடுவதில்லை. அறையின் அளவும் பஸ்ஸின் நேரமும் நாட்கூலியுமே அவ்வாசனங்களில் அமர்ந்து முன்னரே தீர்ப்பெழுதி விடுகின்றன. அதன்பின் "உங்கள் விருப்பம் யாது?" என்று கேட்பது, தீர்ப்பிற்கு நோயாளியின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்வதாகும்.

அவ்வாறெனின் வைத்தியரே முடிவுசெய்து, லயன்வாசிகள் அனைவரையும் இயந்திரத்திற்கே அனுப்பலாமே எனச் சிலர் கூறக்கூடும். இது இன்னும் ஆபத்தான வாதம். 'லயனில் வாழ்பவர் சுத்தம் பேணார்' என்ற பழைய துரைமார் எண்ணமே இங்கு வெள்ளை அங்கி அணிந்து வருகின்றது. ஹொங்கொங்கில் 1985 முதல் வயிற்றறைவழி முறைக்கே முதலிடம் அளிக்கப்பட்டு வருகின்றது. அங்குள்ள பொதுக் குடியிருப்புகளும் விசாலமானவை அல்ல. தாய்லாந்து 2008இல் தன் பொதுச் சுகாதாரக் காப்புத் திட்டத்தில் அம்முறையை முதன்மையாக்கியபோது, நாட்டுப்புறத்து நோயாளரின் வீடுகளுக்கே திரவப் பைகள் அனுப்பப்பட்டன. சிற்றறை ஒன்றே தடையன்று. குழாய்த் தண்ணீர், பயிற்சி, வீடு தேடிவரும் தாதி, வாசல்வரை வரும் பைகள் ஆகியவை இல்லாமையே தடை.

இவற்றை யாரிடம் கேட்பது? தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இம்மாற்றங்களிடையே லயன்களிற் பெரும்பாலானவற்றில் வாழ்பவர் அவ்வறைக்கு உரிமையாளராகவில்லை. சுவரோரம் ஒரு கைகழுவும் தொட்டி அமைப்பதற்கும் அவர் தோட்ட நிர்வாகத்தின் இணக்கத்தை நாட வேண்டும். எனவே வைத்தியரின் முதற்கேள்வி "எது வேண்டும்?" என்பதாக இருத்தலாகாது. தண்ணீர் எங்கிருந்து வருகின்றது, பைகளை யார் சுமப்பார், பகலில் வீட்டில் யார் இருப்பார் என்பவை முதலில் கேட்கப்படவேண்டும். அவற்றுக்குரிய விடைகள் தோட்ட அலுவலகத்திற்கும் சுகாதார அதிகாரிக்கும் கடிதமாகச் செல்லவும் வேண்டும். வரிசை நீண்ட கிளினிக் நாளில் இதற்கு நேரம் ஏது என்பர். கையொப்பம் பெற இரண்டு நிமிடம் போதும். இக்கடிதத்திற்கு அரைமணி செல்லும்.