மறுப்பவரின் உரிமை

வழிகேட்டு வந்தவரே சொன்னதை மறுத்தால், அதை அவருடைய பிடிவாதம் என்று எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். பகவத் கீதை அப்படிப் பார்க்கவில்லை. இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் அர்ஜுனனின் தளர்ச்சியைக் கடிந்துகொள்கிறான். அர்ஜுனனோ சீடனாகச் சரணடைந்த கையோடு, போரிட மாட்டேன் என்றும் சொல்லி மௌனமாகிறான். நாடுவதும் மறுப்பதும் ஒரே மனத்தின் இரு அசைவுகள். இரண்டாவதை நசுக்கினால் முதலாவதும் நசுங்கும். வில்லியம் மில்லரும் சகாக்களும் குடிப்பழக்கச் சிக்கல் உள்ளவர்களிடம் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டுகிறது: ஆலோசகர் மோதல் பாணியில் பேசியபோது மறுப்பு கூடியது, மோதல் மிகுந்த இடத்தில் ஓராண்டுக்குப் பிறகும் குடி மிகுந்திருந்தது. ஆக, மறுப்பின் ஒரு பகுதியை வழிகாட்டியே உண்டாக்குகிறார்.

மறுப்பை மதிப்பது தவறுக்கு இணங்குவதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. போரிட மறுப்பதைக் கண்ணன் ஓரிடத்திலும் ஏற்கவில்லை. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன், உங்கள் பேச்சு குழப்புகிறது என்று குறைகூறும்போது, கண்ணன் அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறான். கண்ணன் காட்டும் விசுவரூபம் அச்சுறுத்தல்தானே என்பது இன்னும் கூர்மையான கேள்வி. அதைக் காட்டும்படி கேட்டவன் அர்ஜுனன்; அஞ்சி வேண்டியதும் பழைய வடிவம் திரும்புகிறது. பதினெட்டாம் அத்தியாயத்தில், உன் இயல்பே உன்னைப் போருக்கு இழுக்கும் என்று எச்சரித்த பிறகும், முழுவதையும் ஆராய்ந்து விரும்பியபடி செய் என்று கண்ணன் முடிவை அவனிடமே விடுகிறான். எல்லாம் அறிந்தவனாகப் போற்றப்படுபவனே விட்டுக்கொடுத்த அந்த உரிமையை, அரைகுறையாக அறிந்த நாம் எந்த நியாயத்தில் பறிப்பது?