ஓதப்படும் நூலே உயிருள்ள நூல்



சேட்ட மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாளைச் சுருத பஞ்சமி என்று நாம் போற்றுகிறோம். அன்று நூல்களை மணைமேல் எழுந்தருளச் செய்து, மலர் தூவி, தூப தீபம் காட்டி வணங்குகிறோம். அத்தகைய பூசை ஒன்று ஒரு ஜினாலயத்தில் நிறைவுற்ற வேளையில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டனாரின் கையைப் பற்றி, "தாத்தா, இந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று வினவினாள். பாட்டனார், "எல்லாம் நல்ல விஷயம் அம்மா, கும்பிட்டுக்கொள்" என்றார். அருகில் நின்ற நாமும் அதற்குமேல் ஒரு சொல் கூறினோமில்லை. அக்குழந்தையும் கைகூப்பிவிட்டு விளையாடச் சென்றுவிட்டது. அவ்வினாவுக்கு விடை கூறாமல் நின்ற குறை நமக்குரியது. அதனைத் தீர்க்கும் கடமையுணர்வோடு இவ்வுரையை எழுதுகிறோம்.

சுருத பஞ்சமி எதனால் வந்தது? கிர்நார் மலையின் சந்திர குகையில் தவமிருந்த தரசேன ஆசாரியர், செவிவழியாக வந்த ஆகம ஞானம் நாளுக்கு நாள் குறைந்து வருவதைக் கண்டு கவன்றார். கூர்த்த மதியுடைய இரு முனிவரைத் தென்னாட்டிலிருந்து வருவித்துத் தாம் அறிந்ததைக் கற்பித்தார். புட்பதந்தர், பூதபலி என்னும் அவ்விருவராலும் ஷட்கண்டாகமம் இயற்றப்பெற்றது. பூதபலி ஆசாரியர் திரமிள தேசமாகிய தமிழகம் வந்தார் என்று அந்நூலுக்கு வீரசேனர் வரைந்த தவளா என்னும் உரை கூறுகின்றது. நூல் நிறைவுற்று வழிபடப்பெற்ற நாளே சுருத பஞ்சமி. ஆகவே அத்திருநாளின் கருத்து யாது? ஓதுவாரும் கேட்பாரும் இல்லையேல் ஞானம் அழியும் என்ற ஓர் ஆசாரியரின் கவலையே அது. அக்கவலையை மறந்து மலரை மட்டும் தூவுவோமாயின், நாம் கொண்டாடுவது பாதித் திருநாளே ஆகும்.

இனி, எந்நூலை உயர்ந்த நூல் என்பது? பழமையினாலா? பழைய நூல் யாவும் உயர்ந்தன அல்ல. கடினமான நடையினாலா? அதுவும் அன்று. இதற்கு நம் ஆகமத்திலேயே ஓர் அளவுகோல் உண்டு. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர், அகத்தவம் ஆறனுள் ஒன்றாகச் சுவாத்தியாயத்தை வைத்து, அதனை ஐந்தாக வகுத்தருளினார். வாசித்தல், ஐயம் வினாவுதல், உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தல், பிழையற ஓதி மனனம் செய்தல், பிறர்க்கு அறம் உரைத்தல் என்பன அவ்வைந்து. இவை கற்பவனுக்கு வகுத்தவையாயினும், நூலை அளப்பதற்கும் உதவும் என்பது நம் கருத்து. வாசித்த அளவில் தீர்ந்துபோகும் நூல்கள் பல. வினா எழுப்பி, சிந்திக்க இடந்தந்து, நாவில் நின்று, பிறர்க்குச் சொல்லுமாறு நம்மைத் தூண்டும் நூலே உயர்ந்த நூல்.

நாலடியாரை இவ்வாறு அளந்து பாருங்கள். நாற்பது அதிகாரம், நானூறு வெண்பா. இளமை நிலையாமையைப் பத்து வயதுச் சிறுவன் ஓசைக்காக ஓதுகிறான். பொருள் அவனுக்கு முழுதும் விளங்குவதில்லை. நாற்பதாம் வயதில் முதல் நரையைக் கண்ட அன்று, அதே பாடல் அவன் நாவில் தானே எழுகிறது, அப்போது சிந்திக்கிறான். எழுபதில் அதனைத் தன் பேரனுக்குச் சொல்கிறான். இளமையில் மனனம் செய்யாதவனுக்கு அந்த நாற்பதாம் வயதுச் செல்வம் கிட்டுவதில்லை.

யசோதர காவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் வற்புறுத்தலால் மாவினால் செய்த கோழியை அரசன் பலியிட்டான். அதன் பயனாகத் தாயும் மகனும் பற்பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். இக்கதையைக் கேட்கும் பிள்ளை, "மாக் கோழிக்கு வலிக்காதே, பிறகு ஏன் பாவம்?" என்று கட்டாயம் வினவும். அவ்வினா எழுந்ததே அந்நூலின் வெற்றி. கொல்லும் எண்ணமே முதற்கொலை என்பதை விளக்க அதைவிட நல்ல தருணம் பெற்றோர்க்கு வாய்க்காது.

ஓதப்படாத நூலுக்கு என்ன நேரும் என்பதற்கும் நம் வரலாறே சான்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியில் இன்று எஞ்சியவை ஏறத்தாழ எழுபது பாடல்களே. சீவக சிந்தாமணியோ முழுமையாக நம் கையில் உள்ளது. 1880-ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் வினவும்வரை, மகாவித்துவானிடம் பயின்ற உ.வே. சாமிநாதையரும் அந்நூலைப் பயின்றதில்லை. ஏட்டுச் சுவடி கிடைத்தபின்னும் சமயப் பொருள் விளங்காமல் இடர்ப்பட்ட அவர், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கே சிந்தாமணியைப் பல மாதங்கள் படித்தும் கேட்டும் வந்தோர் இருந்தனர். புலவருலகம் மறந்த காப்பியம் இல்லறத்தாரின் கூடத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. அவர்கள் தெளிவித்த பொருளும் துணையாக, ஐயரவர்கள் 1887-இல் அதனைப் பதிப்பித்தார்கள். அக்கூடத்தில் அமர்ந்து கேட்டவருள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் தமிழுலகம் அவர்களுக்குக் கடன்பட்டுள்ளது.

இதற்கு மறுதலையும் உண்டு. ஷட்கண்டாகமத்தின் ஏடுகள் மூடபித்ரியில் நெடுங்காலம் தரிசனத்திற்கே உரியனவாய்ப் பேணப்பட்டன. 1939-இல் முதற்றொகுதி அச்சேறிய பின்னரே அதன் பொருள் பலர்க்கும் எட்டிற்று. பேணியவரின் பக்தி பெரிது. அதனால்தான் ஏடுகள் பிழைத்தன. ஆயினும் நூலின் பயன் படிப்பவனிடத்தே முற்றுப்பெறுகின்றது.

அவ்வாறாயின் நம் பிள்ளைகள் எவற்றைப் படிக்க வேண்டும்? வயதறிந்து ஊட்டுதல் வேண்டும். ஏழு வயது வரை செவியே வாயில். பாகுபலியின் கதையையும், இறக்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகிய கதையையும் சொல்லுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை நினைவாற்றல் மிக்க பருவம். நாலடியார், பழமொழி நானூறு, சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகியவற்றிலிருந்து வாரத்திற்கு ஒரு பாடல் போதும். ஆண்டுக்கு ஐம்பதைக் கடக்கலாம். பதின்மூன்றுக்கு மேல் ஸ்ரீபுராணமும், கவுந்தியடிகள் உடன்வரும் சிலப்பதிகாரமும், அறநெறிச்சாரமும் பயில்க. கல்லூரி செல்லும் பிள்ளைக்கு நீலகேசி ஏற்றது. வாதிட விரும்பும் வயதுக்கு வாதநூல் சுவைக்கும். சிந்தாமணியை மணநூல் என்பர்; அதனை முழுமையாகச் சிறுவரிடம் தருதல் தகாது. மயிற்பொறியில் விசயை தப்பிச் செல்வதும், மந்தியின் கைப் பலாச்சுளையைக் காவலன் பறித்தது கண்டு சீவகன் துறவு பூண எண்ணியதும் போன்ற பகுதிகளைப் பெரியோர் தெரிந்து சொல்ல வேண்டும்.

நம் நூல்களோடு நின்றுவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. சமண முனிவராகிய பவணந்தியின் நன்னூலுக்குச் சைவச் சான்றோர் உரை வரைந்தனர். சிந்தாமணியைப் பிற சமயத்தவரே பதிப்பித்து உதவினர். அவர்கள் காட்டிய பெருந்தன்மை நம்மிடத்தும் வேண்டும். நல்ல நூல் எச்சமயத்தாருடையதாயினும், அயல்மொழியதாயினும், பிள்ளைகள் படிக்கட்டும். அநேகாந்தம் கற்பிப்பதும் அதுவே. தன் வீட்டு நூலை அறியாமல் அயலார் நூலை மட்டும் அறிவதே குறை.

"பிள்ளைகளுக்குப் பள்ளிப்பாடமே மிகுதி, தமிழும் தடுமாறுகிறது, கைப்பேசியை விட்டுக் கண்ணெடுப்பதில்லை" என்று பெற்றோர் கூறுவதை நாம் அறிவோம். உண்மையே. ஆயினும் பெரியோரின் கையில் நூலைக் காணாத பிள்ளை நூலை எங்ஙனம் நாடும்? பகலிலேயே உணவு முடிக்கும் நோன்புடைய நம் இல்லங்களில், விளக்கேற்றியபின் கால் மணி நேரம் கிடைத்தற்கு அரியதன்று. ஒருவர் வாசிக்க, மற்றையோர் கேட்க. பொருள் விளங்காவிடின் பெரியவர்களும் "தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று கூறுக. அதில் இழிவில்லை, வினாவுதலும் தவம் என்றல்லவா ஆசாரியர் வகுத்தார்?

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்துள் சாத்திர தானத்தை நூல் வாங்கி அளிப்பதோடு முடிந்ததாக எண்ணுகிறோம். நம் குழந்தைக்கு ஒரு பாடலைப் பொருளுணர்த்திச் சொல்லுவதும் சாத்திர தானமே.

வரும் சுருத பஞ்சமியன்று பூசை முடிந்ததும் மணைமேலுள்ள நூல்களுள் ஒன்றைத் திறந்து, ஒரு பக்கமேனும் குழந்தைகளுக்கு வாசித்துப் பொருள் கூறுவோமாக. அச்சிறுமி மீண்டும் வினவினால், "உட்கார் அம்மா, படித்துக் காட்டுகிறேன்" என்று விடை கூறும் தகுதியை அதற்குள் நாம் பெறுவோமாக.

அறம் வளர்க! அறிவு பெருகுக!