மாசியில் பூத்த இலவு

(தில்லி மோதி பாக்கில் ஓர் உபாசகர் இல்லத்தில், மாசிப் பௌர்ணமி வழிபாட்டின்போது நிகழ்த்திய அறவுரை)



திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று அமர்ந்திருக்கின்றோம். மார்கழிப் பௌர்ணமிக்கும் தைப் பௌர்ணமிக்கும் இவ்வில்லத்திற்கு வந்தபொழுது, பத்தடிக்கு அப்பால் நிற்பவர் இன்னாரென்று தெரியாத மூட்டத்தைக் கடந்து வந்தோம். அதில் பனி எவ்வளவு, புகை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இத்தில்லியில் ஒருவராலும் ஆகாது. குழந்தைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். முதியோர் வரவேயில்லை. இன்று கதவைப் பாதி திறந்தே வைத்திருக்கின்றோம். வரும் வழியில் தெருமுனையிலுள்ள பெருமரத்தைப் பார்த்திருப்பீர்கள். நிமிர்ந்து பாராதவரும் கீழே கிடந்த பூவை மிதித்தாவது வந்திருப்பீர்கள்.

இவ்வூரார் அம்மரத்தைச் செமல் என்பர். நம் நாட்டு முள்ளிலவு அதுவே. இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, வெறுங்கிளைகளில் கையகலச் செம்பூக்களைத் தாங்கி நிற்கின்றது. காலையில் தேனுக்காக மைனாவும் காக்கையும் அணிலும் செய்யும் ஆரவாரம் சொல்லி முடியாது. பூ தடிப்பானது, விழுந்தால் தொப்பென்று ஓசை எழும். தெருப்பெருக்கும் அம்மையார் மொட்டுக்களைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு போவதைக் கண்டிருக்கின்றேன். அதனைக் கறி சமைத்து உண்பார்கள்.

தமிழராகிய நமக்கோ இலவு என்றவுடன் பூ நினைவுக்கு வருவதில்லை, கிளிதான் வருகின்றது. பச்சைக் காயைக் கண்டு, இது பழுக்கும், பழுத்தால் உண்ணலாம் என்று காத்திருந்த கிளி. காய் முற்றி வெடித்தது, பஞ்சு பறந்தது. பழமொழியின் இலவு வெண்பூ இலவோ, இச்செவ்விலவோ, யானறியேன். இரண்டிலும் பஞ்சு பஞ்சுதான். வீண் நம்பிக்கைக்கு நம் முன்னோர் தேர்ந்தெடுத்த மரம், பின்பனிக் காலத்தில் இத்தனை அழகோடு கண்முன் நிற்பதை எண்ணித்தான் இன்று பேசத் துணிந்தேன்.

நம் வழிபாட்டிற்கு வருகின்ற பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்கின்றேன். அவர் இப்பொழுது ஊருக்குச் சென்றிருக்கின்றார். அவருடைய இசைவு பெற்றே சொல்கின்றேன். வடார்க்காட்டில் பிறந்தவர். குமாஸ்தாவாயிருந்து ஓய்வு பெற்று, இங்கே மகனுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தங்கியிருப்பவர். 2022 மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, அம்மரத்தடியில் அவரைச் சந்தித்தேன். “பூத்திருக்கின்றது, பார்த்தீர்களா?” என்று பேச்சிற்காகக் கேட்டுவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஐயா, சென்ற ஆண்டும் இப்படித்தான் பூத்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் இம்மரத்தைக் காட்டித்தான் சொன்னாள். இதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை” என்றார்.

அவள் என்று அவர் குறித்தது தம் மனைவியாரை. அந்த 2021-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 9-ஆம் நாள் தில்லியில் கொரோனாவால் ஒருவரும் இறக்கவில்லை என்ற செய்தி வந்தது. ஏறத்தாழப் பத்து மாதங்களில் அப்படியொரு நாள் வந்ததில்லை. இலவு பூத்தது. மக்கள் முகத்திரையைக் கழற்றினார்கள். கலியாணங்களுக்கு நாள் குறித்தார்கள். ஏப்ரல் 20-ஆம் நாள் ஒரே நாளில் 28,395 பேருக்கு நோய் கண்டது. முதல் நாளிரவே நகரம் பூட்டப்பட்டிருந்தது. பிராணவாயுவுக்காக மக்கள் உருளைகளைத் தோளில் சுமந்து அலைந்த அந்த நாட்களில்தான் இலவங்காய் வெடித்துப் பஞ்சு தெருவெங்கும் பறந்தது. நம் பெரியவர் ஓர் இரவு முழுவதும் ஆட்டோவில் மனைவியாரைக் கிடத்திக்கொண்டு நான்கு மருத்துவமனை வாயில்களுக்குச் சென்றார். ஐந்தாவதற்குப் போக வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

இத்தகையவரிடம் சென்று, குளிர் போனால் வசந்தம் வரும், கவலற்க என்று சொல்வது எளிது. அவ்வாறு சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லியிருந்தால் அது கிளிக்குச் சொல்லும் ஆறுதலாகவே இருந்திருக்கும். மலர் எதற்கும் உறுதி கூறுவதன்று. மாசியில் பூத்தது என்பதனால் சித்திரை நல்லதாயிருக்கும் என்று அம்மரம் எவருக்கும் வாக்களிக்கவில்லை. வாக்களித்ததாக நினைத்துக்கொண்டவர்கள் நாம். அப்படியானால் துன்பக் காலத்தில் பௌத்தன் ஒரு பூவைப் பார்த்து மகிழலாகாதா?

இந்த மாசிப் பௌர்ணமிக்கே உரிய ஒரு செய்தியை எண்ணுவோம். பகவான் தமக்கு இன்னும் மூன்று திங்களில் பரிநிர்வாணம் என்று அறிவித்தது இந்நாளில்தான் என்று பௌத்த நாடுகளில் வழிவழியாகக் கூறுவர். அப்பொழுது அவருக்கு வயது 80. வேலுவ கிராமத்தில் மழைக்காலத்தைக் கழித்தபோது, உயிர் போய்விடுமோ என்னும்படியான நோய் அவரை வருத்தியிருந்தது. சாரிபுத்தர் இல்லை, மொக்கல்லானரும் இல்லை. அவ்விருவரும் இல்லாத சபை வெறுமையாய்த் தோன்றுகின்றதென்று பகவானே கூறியதைச் சம்யுத்த நிகாயம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கின்றது. நாம் எண்ணிக் கொள்வதுபோல், ஞானிக்கு இழப்பு கண்ணிற்படாது என்பது உண்மையன்று. கண்ணிற்பட்டது, அவரைக் கட்டவில்லை, அவ்வளவே.

அந்த முதுமையில், அந்த உடம்போடு, வைசாலிக்கருகில் சாபால சேதியத்தின் நிழலில் அமர்ந்து, ஆனந்தரிடம் அவர் முதலிற் கூறியது யாது? நோயையா? பிரிவையா? வைசாலி எவ்வளவு இனிய நகரம் என்று கூறினார். உதேன சேதியம் இனியது, கோதமக சேதியம் இனியது என்று ஒவ்வோரிடத்தையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். கற்றோர் இவ்விடத்திற்கு வேறு விளக்கங்களும் தருவர், அவை இருக்கட்டும். என் மனத்தைத் தொடுவது இது: அந்நகரம் தமக்கு எதையும் தரப்போவதில்லை என்று அறிந்தவர் அதனை இனியதென்றார். அவருக்கு அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. மறுநாள் பிச்சையேற்று மீள்கையில், யானை திரும்புவதுபோல் உடல் முழுவதையும் திருப்பி, அந்நகரைக் கடைசி முறையாக ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார்.

சம்யுத்த நிகாயத்திலேயே கிஞ்சுக மரத்தைப் பற்றிய உவமை ஒன்று உள்ளது. கிஞ்சுகமாவது பலாசம். நம்மவர் புரசு என்றும் முருக்கு என்றும் சொல்வர். சென்னையிலுள்ள புரசைவாக்கம் இம்மரத்தால் பெயர் பெற்றதென்பர். பூ கிளிமூக்கைப் போல் வளைந்திருப்பதனால், ‘இது கிளியோ?’ என்று ஐயுறும் பொருளில் வடமொழியார் இப்பெயர் வைத்தனராம். (பாருங்கள், எங்கே திரும்பினாலும் கிளி நம்மை விடவில்லை!) கிஞ்சுகத்தைப் பார்த்தறியாத ஒருவன், பார்த்தவர்களிடம் சென்று அது எப்படியிருக்கும் என்று கேட்டான். எரிந்த கட்டைபோல் கறுத்திருக்கும் என்றான் ஒருவன். இறைச்சித்துண்டுபோல் சிவந்திருக்கும் என்றான் இன்னொருவன். பட்டை தொங்கிக் காய் வெடித்து வாகைபோல் நிற்கும் என்றான் மூன்றாமவன். ஆலைப்போல் அடர்ந்து நிழல் தரும் என்றான் நான்காமவன். நால்வரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவனும் தான் கண்ட காலத்தில் அம்மரம் எவ்வாறிருந்ததோ, அவ்வாறே சொன்னான்.

பகவான் இதனை எதற்காகக் கூறினார்? காட்சி தூய்மையாவது எவ்வாறு என்று ஒரு பிக்கு பலரைக் கேட்டு, பல விடைகள் பெற்று, மனநிறைவின்றித் தம்மிடம் வந்தபோது கூறினார். ஆயினும் துன்பப்பட்டவனுக்கு இவ்வுவமையில் வேறொரு மருந்தும் இருக்கின்றது. நம் பெரியவர் கண்டது எரிந்த கட்டையை. அதனைப் பொய்யென்று சொல்ல நான் யார்? அவர் மனைவியார் கண்டது செம்மையை, அதுவும் பொய்யன்று. எரிந்த கட்டையைக் கண்டவன், இம்மரம் என்றைக்கும் இவ்வளவுதான் என்று சொல்லும்போதுதான் தவறுகின்றான். செம்மையைக் கண்டு, இனி இப்படியே இருக்கும் என்பவனும் அதே தவற்றைத்தான் செய்கின்றான். அநித்தியம் என்ற சொல்லை நாம் சாவு வீட்டில் மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். துன்பமும் அநித்தியமே என்று அச்சொல்லின் மறுபாதியைச் சொல்ல வாய் கூசுகின்றோம்.

நம் சமயத்தாருக்கு இது புதிதுமன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1914 மே 5-ஆம் நாள் மறைந்தார். அவர் நடத்திய ‘தமிழன்’ பின்னர் நின்றும் போயிற்று. 1926-இல் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் அதனை மீண்டும் எழுப்பினார். இந்தத் தில்லியிலேயே, 26, அலிப்பூர் சாலையில், 1956 டிசம்பர் 6-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் பரிநிர்வாணம் அடைந்தார். நாகபுரியில் லட்சக்கணக்கானோர் தீட்சை பெற்று அப்பொழுது எட்டு வாரங்கள்கூட ஆகவில்லை. அந்த 1957 மாசியை எண்ணிப் பாருங்கள்! பழைய கோயிலுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. புதிய வழியைக் காட்டியவரும் இல்லை. பாலகனைப் போன்ற சமயம், தந்தையில்லாத சமயம். அந்த ஆண்டுதான் அவர் எழுதி வைத்துச் சென்ற ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூல் அச்சாகி வெளிவந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்களுக்கும் ஒருவரும் உறுதி கூறவில்லை. ஞாயிறுதோறும் கூடினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இன்று நாம் இங்கு உட்கார்ந்திருக்கின்றோம்.

இவற்றில் ஒன்றையும் நான் அந்தக் காலையில் பெரியவரிடம் சொல்லவில்லை. காலுதாயியின் கதையை மட்டும் சொன்னேன். சுத்தோதன மன்னர் மகனை அழைத்துவர ஒன்பது தூதர்களை அனுப்பினார். ஒன்பதின்மரும் தருமத்தைக் கேட்டுத் துறவு பூண்டு, வந்த வேலையை மறந்தனர். பத்தாவதாகச் சென்ற காலுதாயியும் துறவியானார்; ஆனால் முதியவரின் ஏக்கத்தை மறக்கவில்லை. பங்குனிப் பௌர்ணமி வரை காத்திருந்து, இலையுதிர்த்துச் செம்மை பூண்டு நின்ற மரங்களைப் பகவானுக்குக் காட்டினார். குளிரும் மிகையில்லை, வெயிலும் மிகையில்லை, வழி நடக்க ஏற்ற காலம் என்றார். பகவான் நாளொன்றுக்கு ஒரு யோசனையாக அறுபது யோசனை நடந்து, பல்லாண்டுகளாகப் பாராத தந்தையிடம் சென்றார். அந்தச் சிவப்பு அங்கே ஒரு பயணத்திற்கு நாள் பார்த்துக் கொடுத்தது.

பெரியவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “ஐயா, நான் நடக்க வேண்டிய வழி மூன்று தெருக்கள்தாம்; பத்து மாதமாய்ப் போகவில்லை” என்றார். அந்த ஆட்டோக்காரர் நானக்புராவில் இருக்கின்றார். அன்றிரவு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். மூன்றாம் நாள் அவரும் நோயிற் படுத்தார் என்று பின்னர்த் தெரியவந்தது. நம்மால்தான் அவருக்கு நோய் தொற்றியதோ என்ற அச்சம். பிழைத்தாரா இல்லையா என்று விசாரிக்கவும் அச்சம். அந்த அச்சத்தில் அத்தெருப் பக்கமே அவர் போகாமல் இருந்திருக்கின்றார். மனைவியார் இறந்த துயரத்தின் அடியில் இது வேறு கிடந்து அழுத்தியிருக்கின்றது. மரத்தின்மேல் கொண்ட வெறுப்பில் பாதி இதுவே என்று எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

அவர் அன்றைக்கே போகவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனார். ஆட்டோக்காரர் உயிருடன் இருந்தார். அவருடைய தாயார்தான் நோய்க்குப் பின் எழ முடியாமல் கட்டிலோடு கிடந்தார். அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பின் வாரமொருமுறையேனும் அவ்வீட்டிற்குச் சென்று, அக்குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தார்.

அவ்வாண்டு சித்திரையில் இலவங்காய் வெடித்தது. பஞ்சு பறந்தது. பெரியவர் அக்குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, மரத்தடியில் பஞ்சு பொறுக்கினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிக்குகள் தலையணை செய்துகொள்ள மரப்பஞ்சு, கொடிப்பஞ்சு, புற்பஞ்சு என்ற மூன்றையும் பகவான் அனுமதித்ததாக வினயத்தில் இருக்கின்றது என்று நான் சொன்னபோது, “அப்படியானால் சரிதான்” என்று மகிழ்ந்தார். விதை நீக்கி வெயிலில் உலர்த்தி, பழைய வேட்டித்துணியில் தம் கையாலேயே உறை தைத்தார். தையல் கோணலாயிருந்தது. அத்தலையணையை அந்தக் கிழவிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். சற்று உயரமாயிருக்கின்றது, கழுத்து வலிக்கின்றது என்றாள் அவள். அவர் அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு கைப்பிடிப் பஞ்சை வெளியே எடுத்துவிட்டு, மறுபடியும் தைத்துக் கொடுத்தார்.

இனிப் பரித்தம் ஓதுவோம்.