கூண்டுக் குரங்கும் கன்மமும்

கூண்டிலடைபட்ட குரங்கு தன் கன்மத்தையே நுகர்கின்றது, அதனிடையே நாம் புகுவதேன் என்று அன்பரொருவர் அழகர்மலை அடிவாரத்தில் நம்மை வினாவினர். பிராரத்துவம் குரங்கினது, கூண்டோ அடைத்தவர்தம் ஆகாமியம். தனு கரண புவன போகங்கள் நான்கும் இறைவன் உயிர்க்குக் கொடுத்தவை. இனத்தோடு கூடிக் கிளைதாவி நாளெல்லாம் இரைதேடுதலே நாட்டுக்குரங்கின் புவனமும் போகமும். பிடித்தடைத்தவர் அவ்விரண்டையும் பறித்தவராவர். குருசாபத்தாற் பன்றிக்குட்டிகளான பன்னிருவர்க்கு ஆலவாயண்ணல் தாய்ப்பன்றியாய்ப் பாலூட்டியதை மதுரையார் மறக்கலாமோ?

குரங்காட்டம் 1998-ஆம் ஆண்டு மத்திய அரசாணையால் விலக்கப்பட்டது. (இளமையில் அவ்வாட்டத்துக்கு நாமும் காசெறிந்ததுண்டு.) ஆயினும் கையில் வளர்ந்து காடறியாத குரங்குகளை வாளா திறந்துவிடுதல் அருளாகாது; அவை காவலிலேயே வாழவேண்டியன. அவற்றிற்குச் சோறிடுதல் மட்டும் போதாது. இனத்துணையும், ஏறியமர உயர்ந்த கிளையும் வேண்டும். தானியத்தை வைக்கோலில் விரவி, விரலாற் கிளறித் தேடியுண்ணச் செய்தலும் வேண்டும்.