குறிப்பேடு யாருக்கு? - வாசிப்பும் நிய்யத்தும் பற்றிச் சில எண்ணங்கள்

ஒரு மாணவனைப் பார்த்து, "நீ விரும்பிய ஆங்கில நூலொன்றை எடுத்து வாசி; வாசிக்கும்போது உன் மனதில் பட்டதை உண்மையாக எழுது" என்று சொல்லிவிட்டு, அவன் எழுதியதை வாங்கிப் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிடுவது நேர்மையான காரியம்தானா? மேலோட்டமாகப் பார்த்தால் இது ஆங்கில ஆசிரியர்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய, கற்பித்தல் முறை சார்ந்த கேள்வி போலத் தோன்றும். பல வருடங்களாக இக்கேள்வியைச் சுமந்து திரிபவன் என்ற வகையில், இது அறம் சார்ந்த கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

வாசிப்புக் குறிப்பேடு புதிய விடயமல்ல. பாடநூலுக்கு வெளியே மாணவன் தானே தெரிந்தெடுத்து வாசிக்கும் நூலின் பெயர், வாசித்த பக்கங்கள், கண்ட புதிய சொற்கள், தனது எண்ணம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வருவதுதான் அது. நான்சி அட்வெல் என்ற அமெரிக்க ஆசிரியை 1987 இல் வெளியிட்ட 'இன் த மிடில்' என்ற நூலில், தன் மாணவர்கள் தமது வாசிப்புப் பற்றித் தனக்குக் கடிதமாக எழுதியதையும், அவற்றுக்குத் தான் பதில் எழுதியதையும் விபரிக்கிறார். எங்களைப் போன்ற கிராமங்களில் இதற்கான தேவை இன்னும் கூடுதலானது. இங்கு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்பது பாடவேளை மணி அடித்ததும் முடிந்துவிடும் மொழி. அம்மொழியில் எழுதப்பட்ட ஒன்று தன்னோடு பேசக்கூடும் என்பதை ஒரு பிள்ளை உணர வேண்டுமானால், பரீட்சைக்கு வராத ஒரு நூலை அது வாசித்தாக வேண்டும்.

இந்த நம்பிக்கையோடுதான் 2012 இல் தரம் 10 மாணவர்களுக்குக் குறிப்பேட்டை அறிமுகப்படுத்தினேன். பாடசாலை நூலகத்திலிருந்த ஆங்கில நூல்களைத் தூசி தட்டி வகுப்புக்குக் கொண்டு வந்தேன். கடற்றொழிலாளி ஒருவரின் மகன், எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' நூலை எடுத்துக் கொண்டான். அட்டையில் தோணியின் படம் இருந்ததைத் தவிர வேறு காரணம் அவனுக்கு இருந்திருக்காது. 84 நாட்கள் மீனின்றிக் கரை திரும்பும் ஒரு கிழவனின் கதை அது. 1952 இல் வெளிவந்தது.

இரண்டு கிழமை கழித்து அவன் அரைப் பக்கம் எழுதியிருந்தான். அதன் சாரம் இதுதான்: எனது வாப்பாவும் பல நாள் வெறும் தோணியோடு வருவார். அன்றைக்கு வீட்டில் யாரோடும் பேசமாட்டார். உம்மாவும் பேசாமல் சோற்றை வைப்பா. இந்தக் கதையில் ஒரு பொடியன் கிழவனுக்குச் சாப்பாடும் கோப்பியும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். நான் ஒருநாளும் வாப்பாவுக்கு எதுவும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

இதை அவன் எழுதிய ஆங்கிலத்தில் இறந்தகாலம் எங்குமே இல்லை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் உறவில்லை. 'கோப்பி' என்ற சொல் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். பதினேழு இடங்களில் வட்டமிட்டேன். அடியில் 4/10 என்று போட்டு, 'வினைச்சொற்களில் கவனம் தேவை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஒரு பிள்ளை தன் வாப்பாவின் மௌனத்தைப் பற்றி முதன்முதலாக, அதுவும் தனக்கு வராத ஒரு மொழியில், எழுதியிருக்கிறது என்பது அன்று என் கண்ணில் படவேயில்லை. முப்பத்தெட்டுக் கொப்பிகளில் ஒன்றாக அதையும் முடித்து அடுக்கிவிட்டேன்.

அடுத்த தடவை அவனது குறிப்பு பிழையேதும் இல்லாமல் இருந்தது. நூலின் பின்னட்டை வாசகங்களை இரண்டு சொல் மாற்றி எழுதியிருந்தான். அது எனக்குத் தெரியாமலில்லை. இருந்தும், முன்னேற்றம் என்று சொல்லி 9 புள்ளி கொடுத்தேன். உண்மைக்கு நான்கும் பொய்க்கு ஒன்பதும் கொடுத்தவன் நான். கெட்டிக்காரப் பிள்ளை அந்தப் பாடத்தை ஒரே தடவையில் கற்றுக் கொண்டது.

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிக்கப்படுகின்றன என்ற நபிமொழி இமாம் புகாரியின் தொகுப்பில் முதலாவதாக நிற்பதை நாம் அறிவோம். பிறர் காண்பதற்காகச் செய்யப்படும் நல்ல செயலை முகஸ்துதி என்று நமது மார்க்கம் கடுமையாகக் கண்டிக்கிறது. அப்படியானால் பிறர் காண்பதற்காகவே எழுதும்படி ஒரு பிள்ளையைப் பழக்குகின்றவனின் நிலை என்ன? பிள்ளை முகஸ்துதி செய்யவில்லை. அதை அதற்குக் கற்றுக் கொடுத்தவர் ஆசிரியர்.

வெகுமதி எண்ணத்தைக் கெடுக்கும் என்பது உபதேசம் மட்டுமல்ல. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெற் ஆகிய உளவியலாளர்கள் 1973 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தாமாகவே விரும்பிப் படம் வரைந்து கொண்டிருந்த பாலர் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சான்றிதழும் கொடுக்கப்பட்டது. சில நாட்களின் பின் பார்த்தபோது, அப்பிள்ளைகள் மற்றவர்களை விடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். இருந்த விருப்பத்தைச் சான்றிதழ் தின்றுவிட்டது. பிரெஞ்சு ஆசிரியரும் நாவலாசிரியருமான டானியல் பெனாக் 1992 இல் வாசகனின் பத்து உரிமைகளை எழுதியபோது, வாசிக்காமலிருக்கும் உரிமையில் தொடங்கி, வாசித்ததைப் பற்றிப் பேசாமலிருக்கும் உரிமையில் முடித்தார். அந்தப் பத்தாவது உரிமையை நாங்கள் குறிப்பேடு என்ற பெயரில் பறித்துக் கொள்கிறோம்.

ஆனால் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "புள்ளி இல்லாட்டி நம்மட பிள்ளைகள் ஒருத்தரும் புத்தகத்தைத் தொடமாட்டாங்க. டவுன் பிள்ளைகள்ற வீட்டில புத்தகம் இருக்கு. நம்மட பிள்ளைக்கு நாமதான் இருக்கோம்." இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பெற்றோர் பிள்ளையை நம்மிடம் அமானிதமாகத் தந்திருக்கிறார்கள். பிழையைத் திருத்தாமல் விடுவதும் அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்தான். அவர் இன்னொன்றும் கேட்டார்: "ஏழு வயசில தொழச் சொல்றோமே, அப்ப அதுக்கு இக்லாஸ் என்னெண்டு தெரியுமா? பழக்கம் முதல்ல, எண்ணம் பிறகு."

இந்தக் கேள்விக்குப் பல நாட்கள் என்னிடம் பதிலிருக்கவில்லை. பதில் கிடைத்ததும் அவர் சொன்ன உதாரணத்துக்குள்ளேயேதான். நான் சிறுவனாக ஓதிய குர்ஆன் மத்ரஸாவில் லெவ்வை எங்களது உச்சரிப்பை இம்மியும் விடாமல் திருத்துவார். நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டாவிட்டால் பிரம்பு பேசும். ஆனால் தொழுகை முடிந்து நாங்கள் கையேந்தி முணுமுணுத்த துஆவை அவர் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை, அதைத் திருத்தியதுமில்லை. ஓதல் திருத்தப்பட வேண்டியது. துஆ திருத்தப்படக் கூடாதது. இரண்டும் ஒரே நாவிலிருந்துதான் வருகின்றன. பழக்கத்தை நாம் ஏவலாம். அதற்குள் வந்து குடியேறும் உள்ளச்சத்துக்குப் புள்ளி போட முடியாது. எனது தவறு திருத்தியதில் இல்லை. ஓதலையும் துஆவையும் பிரித்தறியாததில் இருந்தது.

அதன் பிறகு கொப்பியை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் எனக்கு: நூலின் பெயர், பக்கங்கள், சொற்கள், ஐந்து வசனங்களில் கதைச் சுருக்கம். அதைத் திருத்துவேன், புள்ளியிடுவேன். வலப்பக்கம் பிள்ளைக்கு. அங்கு சிவப்பு மை போகாது. ஆங்கிலம் முட்டினால் தமிழில் எழுதலாம். மடித்து வைத்த பக்கத்தை நான் திறக்கமாட்டேன். திறந்திருந்தால் வாசித்துப் பென்சிலால் இரண்டு வரி பதில் எழுதுவேன். ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: ஒரு பிள்ளைக்கு ஆபத்தென்று காட்டும் எதையாவது என் கண்ணில் படும்படி எழுதினால், அதை என்னோடு மட்டும் வைத்திருக்க முடியாது. இரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டுப் பிறகு மீறுவதை விட, எல்லையை முன்னரே சொல்லிவிடுவது நேர்மையானது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஒன்றும் எழுதாமலேயே எல்லாப் பக்கத்தையும் மடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. நம்பிக்கை வைத்தால் ஏமாறவும் ஆயத்தமாக இருக்கத்தான் வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வில் ஒரு சம்பவம் பிரபலமானது. ஜுர்ஜானில் கற்றுவிட்டுத் தூஸுக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் அவர்களது குறிப்புகளை அபகரித்துக் கொள்கின்றனர். அவற்றையாவது தந்துவிடும்படி கேட்டபோது, பறித்தெடுத்தவுடன் இல்லாமல் போவது என்ன அறிவு என்று கொள்ளையர் தலைவன் சிரித்தானாம். குறிப்புகள் திரும்பக் கிடைத்தன. இமாமவர்கள் மூன்று வருடங்கள் செலவிட்டு அவற்றை உள்ளத்தில் ஏற்றிக் கொண்டார்கள். குறிப்பேட்டின் பயன் கொப்பியில் இல்லை, எழுதியவனுக்குள் எஞ்சுவதில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சென்ற வருடம் மீன் வாங்கக் கரைக்குப் போனபோது அந்த மாணவனைக் கண்டேன். இப்போது அவனும் கடலுக்குத்தான் போகிறான். அந்த நான்கு புள்ளியைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று எத்தனையோ நாள் நினைத்திருந்தேன். அவன் கையைத் துடைத்துக் கொண்டு வந்து ஸலாம் சொன்னான். நான் பேச்சைத் தொடங்க முன்னரே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான்:

"எங்கட இங்கிலீஷ் சேர். நான் ஒருக்கா எழுதினதுக்குப் பத்துக்கு ஒம்பது தந்தவர்."

எனக்குப் பதில் வரவில்லை. வாப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன்.