கைமாறிய ஆலயம்

எங்கள் கே.கே. நகருக்குப் பக்கத்தில்தான் தமுக்கம். ராணி மங்கம்மாள் வாழ்ந்த மாளிகை, பின்னர் வெள்ளைக்காரக் கலெக்டர்களின் இருப்பிடமாயிற்று. 1959 முதல் காந்தி அருங்காட்சியகமாக விளங்குகிறது. அரண்மனை கைமாறியதற்காக யாரும் வருந்துவதில்லை. கடவுளுக்கென்று கட்டிய வீடு கைமாறினால் மட்டும் மனம் ஏன் துணுக்குறுகிறது? புனிதம் சுவரில் இருக்கிறதா, வணங்குகிறவனின் நெஞ்சில் இருக்கிறதா?

கிழக்கு லண்டனில் பிரிக் லேன் என்ற தெருவில் ஒரு பழைய செங்கல் கட்டடம் உண்டு. அதன் கதை பிரான்சில் தொடங்குகிறது. 1685இல் பதினான்காம் லூயி மன்னன், ஹ்யூகனாட்டுகள் என்ற பிராடெஸ்டண்டு மக்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தான். பாரிசுக்கு அருகே சாரண்டனில் இருந்த அவர்களுடைய ஆலயம் இடிக்கப்பட்டது. லண்டனுக்கு ஓடிவந்தவர்களில் பலர் பட்டு நெசவாளர். குஜராத்திலிருந்து வந்து மதுரையில் தறி போட்ட சௌராஷ்டிரர்களை அறிந்த நமக்கு அவர்கள் அந்நியரல்லர். அந்தச் சமூகம் 1743இல் எழுப்பியதுதான் பிரிக் லேன் ஆலயம்.

1809இல், யூதர்களைக் கிறிஸ்தவர்களாக்கப் புறப்பட்ட ஒரு சங்கம் அங்கே வந்தது. 1819இல் மெதடிஸ்டுகள் வந்தார்கள். 1898இல் அது யூதர்களின் ஜெபாலயமாகவே ஆகிவிட்டது. ரஷ்யப் பேரரசின் கொடுமைக்குத் தப்பி வந்து, தையல் தொழிலில் பிழைத்தவர்கள் பலர் அவ்வட்டாரத்தில் இருந்தார்கள். மதம் மாற்ற வந்தவர்கள் போய்விட்டார்கள், மாறாதவர்கள் குடிவந்தார்கள்! பிற்பாடு யூதர்கள் வேறு பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட, 1976இல் அது பள்ளிவாசலாயிற்று. சில்ஹெட்டிலிருந்து வந்து ஆடைத் தொழிலில் உழைத்த வங்காளிகள் அங்கே தொழுதார்கள்.

இதைக் கண்டு, 'எந்த ஆலயம் எவர் கைக்குப் போனால் என்ன?' என்று பரந்த மனத்தோடு பேசிவிட நான் தயாராக இல்லை. இஸ்தான்புல் நகரின் ஹாகியா சோபியாவும் கைமாறியதுதான். 1453இல் நகரை வென்றவன் மாதாகோவிலை மசூதியாக்கினான். 1935இல் அது அருங்காட்சியகமாயிற்று. 2020இல் மறுபடியும் மசூதியாயிற்று. ஒவ்வொரு முறையும் பேசியது ஆள்பவனின் ஆணை. அங்கே மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. பிரிக் லேனில் ஒருவரை விரட்டிவிட்டு மற்றவர் நுழையவில்லை. முன்னவர் போனபின் வெறுமையாகிக் கிடந்த இடத்தைப் பின்னவரின் தேவை நிரப்பிற்று.

ஆகவே நாம் கேட்கவேண்டியது, 'முதலில் கட்டியவர் யார்?' என்பதன்று, 'எப்படிக் கைக்கு வந்தது?' என்பதே. பறித்த இடத்தில் எத்தனை விளக்கேற்றினாலும் பறிகொடுத்தவனின் பெருமூச்சு கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

முறையாகப் பெற்றவனுக்கும் ஒரு கடமை உண்டு. விட்டுப்போனவனின் பாட்டனும் பாட்டியும் அழுது பிரார்த்தித்த இடமல்லவா அது? பிரிக் லேன் கட்டடத்தின் சுவரில் 1743ஆம் ஆண்டைத் தாங்கிய சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. மனிதர் வெறும் நிழலே என்று அதில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். எத்தனையோ கைகள் மாறிய பின்னும் அதை யாரும் பெயர்த்தெடுக்கவில்லை. இன்றும் அது அங்கேயே இருக்கிறது.