பாறைக்கு வாய்த்த உடல்

வெயில் ஏறிய பாறையின் உச்சியில் முன்னங்கால்களை ஊன்றி, தலையை மேலும் கீழும் அசைத்தபடி ஓர் ஓணான் நிற்கிறது. விலா கன்னங்கரேலென்று இருக்க, முதுகு மட்டும் செக்கச் செவேலென்று எரிகிறது. செங்கல்பட்டைச் சுற்றியுள்ள கரடுகளில் நம்மில் பலர் இதைப் பார்த்திருப்போம். பார்த்தும் நிற்காமல் கடந்திருப்போம்.

பாறை ஓணானின் உடல் வேலியோரத்து ஓணானின் உடலைப் போன்றதல்ல. செடிகொடிகளுக்கிடையே வாழும் ஓணான் பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கும். இதுவோ மேலிருந்து அழுத்தியதுபோலத் தட்டையாக இருக்கும். ஆபத்து வந்தால் கல்லிடுக்கில் நுழைந்துகொள்ளத் தட்டையான தலை, செங்குத்தான பாறையைப் பற்றி ஏற நீண்ட கால்கள், உடலைவிட நீளமான வால். பெண்ணும் குஞ்சும் பழுப்புப் புள்ளிகளோடு கல்லோடு கல்லாய்க் கலந்துவிடும். கலக்க மறுப்பது, இனப்பெருக்கக் காலத்து ஆண் மட்டும்தான். பெண்ணை ஈர்க்கும்போது அதன் முதுகு சிவந்து விலா கறுக்கும். இன்னோர் ஆணை எதிர்க்கும்போது முதுகு மஞ்சளாகி விலா ஆரஞ்சாகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் இதைக் கூர்ந்து கவனித்துப் பதிவுசெய்திருக்கிறார்கள். துணையின் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, வானில் வட்டமிடும் பருந்தின் கண்ணுக்கும் தெரியும். மறைந்தே இருந்தால் உயிர் தங்கும், வம்சம் தங்காது. வெளிப்படுவதற்கு விலை உண்டு என்பதை இந்தச் சிற்றுயிர் ஒவ்வொரு கோடையிலும் தன் முதுகில் ஏந்தி நிற்கிறது.

விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே 1831-இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகள்தாம் இதன் நாடு. இதன் நெருங்கிய உறவான இன்னோர் இனம் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் அதற்கு வடக்கேயும் வாழ்கிறது. வரைபடத்தில் வண்ணம் தீட்டினால் பரந்த நிலமாகத் தெரியும். ஆனால் அந்த வண்ணத்துக்குள்ளும் பாறை இருக்கும் இடமே வீடு. வயலும் ஏரியும் சாலையும் இதற்குக் கடல். குன்றுகள் அந்தக் கடலில் சிதறிய தீவுகள்.

இதே விதியை மேற்குத் தொடர்ச்சி மலை இன்னும் கண்டிப்பாக எழுதியிருக்கிறது. சாலியா என்னும் மலை ஓணான் பேரினத்தில் இரண்டே இனங்கள். ஒன்று நீலகிரியின் உயரங்களில் வாழ்கிறது. மற்றொன்று ஆனைமலையிலும் பழனி மலையிலும். நடுவே பாலக்காட்டுக் கணவாய், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். நாம் பேருந்தில் ஒரு தூக்கத்தில் கடந்துவிடும் அந்தத் தாழ்நிலத்தை, குளிர்ந்த உச்சிக்கென்றே அமைந்த உடல் கடக்க முடியாது. எந்த உடல் ஓரிடத்துக்கு இவ்வளவு பொருத்தமாக வாய்த்ததோ, அந்தப் பொருத்தமே அதை வேறிடம் போக முடியாதபடி கட்டிவைக்கிறது. வாய்ப்பும் சிறையும் ஒரே கையால் வழங்கப்படுகின்றன.

நமக்கு அப்படிப்பட்ட கட்டு இல்லை. தாம்பரத்திலிருந்து தெற்கே ரயில் பாதையை ஒட்டிக் குடியேறியவர்களில் பெரும்பாலோர் வேறெங்கோ பிறந்தவர்கள். உடல் அனுமதிக்கும் இந்தப் பெரிய சுதந்திரத்தை நாம் ஒரு தகுதியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் எங்கும் போகக்கூடியவன், எங்கும் போக முடியாதவற்றின் இருப்பிடத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் வந்து நிற்கும்போது, அவன் கையில் இருப்பது சுதந்திரம் மட்டுமாக இருக்க முடியாது. தன் வசதிக்காகக் கலைக்கும் ஒவ்வோர் இடமும் வேறோர் உயிரின் வடிவத்தையே வடித்துக் கொடுத்த இடம் என்ற அறிவும், அந்த அறிவிலிருந்து பிறக்கும் பொறுப்பும் அதனோடு சேர்ந்தே வருகின்றன.

நம் பகுதியின் கல் சாதாரணக் கல் அல்ல. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரம் பக்கத்துப் பாறை போயிற்று. அந்தக் கல்லறையை வைத்தே புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைவகைக்குச் சார்னக்கைட் என்று பெயரிட்டார். வயது சுமார் 250 கோடி ஆண்டு. சிங்கப்பெருமாள் கோவிலில் பாறையைக் குடைந்தே நரசிம்மருக்கு இருப்பிடம் அமைத்தார்கள். மூலவரும் அந்தக் குன்றோடு ஒன்றானவர். சுவாமியை வணங்குகிறவர்கள் குன்றையும் சுற்றி வருகிறார்கள். உருவத்தையும் அது தோன்றிய இடத்தையும் பிரிக்கலாகாது என்பதை நம் முன்னோர் தத்துவமாக எழுதிவைக்காமல் ஒரு நடையாகவே பழக்கிவிட்டார்கள். அந்த நடை இருக்கும்வரை அந்தக் குன்றுக்குப் பயமில்லை.

தெய்வம் குடியேறாத குன்றுகளே எண்ணிக்கையில் அதிகம். வருவாய்க் கணக்கில் அவை கல்லாங்குத்து, மலைப் புறம்போக்கு. வெடிவைத்து, கிரஷரில் கொட்டி, ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரியேறுபவை இவைதாம். நம் வீட்டுச் சுவரிலும் அவற்றின் துகள் உண்டு. ஆகவே இதை வேறு யாரோ செய்யும் தவறாகப் பேச நமக்கு உரிமையில்லை. புறநகரில் வாழும் பாறை ஓணான்கள், ஆபத்தில் ஒளியுமிடத்தைக் காட்டிலுள்ளவற்றைவிட விரைவாகக் கற்றுக்கொள்வதாகப் பெங்களூரில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கேட்க ஆறுதல்தான். ஆனாலும் ஒளிவதற்கு ஒரு கல்லிடுக்கு மிஞ்சியிருந்தால் அல்லவா அந்தக் கல்விக்குப் பயன்? வெட்டிய காட்டை மரம் நட்டு ஓரளவு மீட்கலாம். குன்றை எந்த நாற்றங்காலிலும் வளர்க்க முடியாது. கைவிட்ட குவாரிப் பள்ளத்தில் மழைநீர் தேங்கினால் கொக்கும் மீன்கொத்தியும் தாமாக வந்துசேரும். பாறை ஓணான் வர வேண்டுமானால், பக்கத்தில் இன்னொரு குன்று வெட்டுப்படாமல் இருக்க வேண்டும்; அங்கிருந்து இங்கு வரை, மனை போடாத நிலமும் கொஞ்சம் இருக்க வேண்டும்.